ஓவர்டைம்: கூலியா, அபராதமா?

ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ புதிதாக ஒரு கம்பெனியில் சேரப்போகும் இளைஞர், சம்பளம் எவ்வளவு என்று கேட்ட கையோடு அடுத்துக் கேட்பது 'ஓ.டி. உண்டா?' என்பதுதான். உண்டு என்றால் நல்ல கம்பெனி. இல்லை என்றால் யோசிக்க வேண்டிய கம்பெனி. நாளுக்கு ஒன்பது மணி நேரத்தையோ வாரத்துக்கு 48 மணி நேரத்தையோ தாண்டி வேலை வாங்கினால் சாதாரணச் சம்பள விகிதத்தைப் போல இரு மடங்கு தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 59-ஆம் பிரிவில் சொன்னது. தொழிலாளியின் வீட்டுக் கணக்கில் அது வரவு. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நகைக்கடன் வட்டியும் அந்த வரவை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் இந்த இரட்டைச் சம்பளம் சட்டத்துக்குள் எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், அதை எழுதியவர்கள் தொழிலாளிக்கு மேல்வரும்படி ஏற்படுத்தித்தர நினைத்ததாகத் தெரியவில்லை. மிகைநேரம் வாங்குவது முதலாளிக்குக் கட்டுப்படியாகாமல் போக வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. நேர வரம்புதான் சட்டம். இரட்டைச் சம்பளம் அந்த வரம்பை மீறுவதற்கான அபராதம். அந்த அபராதம் மெல்ல மெல்லக் கூலியின் ஒரு பகுதியாகிப்போனது. அப்படி ஆனபின் வரம்பைத் தளர்த்துவது எளிதாகிவிட்டது.

தொடக்கத்தில் வரம்பும் இல்லை, அபராதமும் இல்லை. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. எந்திர விசையில் ஓடும், நூறு பேராவது வேலை செய்யும் ஆலைகளை மட்டுமே அது தொட்டது. ஏழு வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களிடம் நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அவர்களுக்கு மாதத்தில் நான்கு நாள் விடுமுறை. ஏறக்குறைய இவ்வளவுதான். வளர்ந்தவர்களின் நேரத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இந்தச் சட்டத்துக்காக லண்டனில் அழுத்தம் கொடுத்தவர்களில் லங்காஷயரின் துணி ஆலைக்காரர்கள் முன்னணியில் இருந்தார்கள். பம்பாய் ஆலைகள் மலிவாக நூல் நூற்பதை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இதனாலேயே அன்றைய தேசியப் பத்திரிகைகள் பல, சட்டத்தை இந்தியத் தொழிலுக்கு எதிரான சூழ்ச்சி என்று எதிர்த்தன. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் போட்டிக்காரன் பொறாமையில் கேட்டான் என்பதற்காக எட்டு வயதுப் பிள்ளைக்குக் கிடைத்த பாதுகாப்பு பொய்யாகிவிடாது. பத்தாண்டுகள் கழித்து, 1891-இல், சட்டம் ஐம்பது பேர் வேலை செய்யும் ஆலைகளுக்கும் விரிந்தது. பெண்களுக்குப் பதினொரு மணி நேர வரம்பு வந்தது. பிள்ளைகளின் நேரம் ஏழு மணியாகக் குறைந்தது. வாரம் ஒரு நாள் விடுமுறையும் அப்போதுதான் சட்டத்தில் ஏறியது. அதன் பின்னால் பம்பாய் மில் தொழிலாளர்களைத் திரட்டிய நாராயண் மேகாஜி லோகண்டேயின் உழைப்பு இருந்தது. வளர்ந்த ஆணுக்கு மட்டும் இன்னமும் வரம்பு இல்லை.

அந்நாளில் ஆணுக்கு வரம்பு வைத்தது சூரியன்தான். பஞ்சும் நூல்தூசியும் நிறைந்த கூடத்தில் எரிவிளக்கை வைத்து இராவெல்லாம் ஆலை ஓட்டுவது ஆபத்தும் செலவும் மிக்கது. ஆகவே பம்பாயின் ஆலைகள் பெரும்பாலும் விடியலில் தொடங்கி இருட்டும்போது நின்றன. கோடையில் நாள் நீண்டால் வேலை நேரமும் நீண்டது; குளிர்காலத்தில் சுருங்கியது. நூற்றாண்டுத் திருப்பத்தில் மின்விளக்கு வந்தது. 1905-ஐ ஒட்டித் துணி வியாபாரம் சூடுபிடித்தபோது, மின்விளக்கு போட்டிருந்த ஆலைகள் நாளுக்குப் பதினைந்து மணி நேரம்வரை ஓடின. பத்திரிகைகள் கண்டித்தன, தொழிலாளர்கள் கொந்தளித்தார்கள், அரசு ஒரு குழுவையும் அதற்கடுத்து ஓர் ஆணையத்தையும் அமைத்தது. வேலை நேரச் சட்டத்தின் வரலாற்றை மனிதாபிமானம் படிப்படியாக வளர்ந்த கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கென்னவோ அதைவிட மின்விளக்கின் கதையாகச் சொல்வதுதான் பொருந்தும் என்று படுகிறது. இயற்கை போட்டிருந்த எல்லையை எந்திரம் துடைத்தெறிந்ததும், அந்த இடத்தில் மனிதர்களே ஓர் எல்லையைப் போட வேண்டிய நிலை வந்தது.

அந்த எல்லையை எப்படிப் போடுவது என்ற வாதம் 1908-இல் அறிக்கை தந்த தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையத்தில் நடந்தது. அதில் சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர் இருந்தார்: டாக்டர் டி.எம். நாயர். பின்னாளில் பிட்டி தியாகராயரோடும் நடேச முதலியாரோடும் சேர்ந்து நீதிக்கட்சியை உருவாக்கிய அதே நாயர்தான். அவர் தொழிலால் மருத்துவர். ஆணையத்தின் பெரும்பான்மை, வளர்ந்த ஆண்களின் நேரத்தில் சட்டம் நேரடியாகக் கை வைக்கக் கூடாது என்று முடிவு செய்தது. அதற்குப் பதில் பதினான்கு முதல் பதினேழு வயதுவரை உள்ளவர்களை 'இளையோர்' என்று தனி வகையாக்கி, அவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேர வரம்பு வைக்கலாம்; அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது; ஆகவே ஆண்களின் நேரமும் தானாகக் குறைந்துவிடும் என்றது. இது இங்கிலாந்தில் பழகிய உத்தி. 1847-இன் பத்து மணி நேரச் சட்டமும் பெண்களையும் இளையோரையும் பெயர் சொல்லிக் காத்துவிட்டு, ஆண்களை மறைமுகமாகவே காத்தது. நாயர் இதில் மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதினார். வளர்ந்த ஆணின் வேலை நேரத்துக்கு நேரடியாகவே சட்ட வரம்பு வேண்டும் என்பது அவர் கட்சி. 1911-இன் சட்டம் இந்த விஷயத்தில் பெரும்பான்மையை விட்டுவிட்டு அவர் பக்கம் வந்தது. துணி ஆலைகளில் யாரிடமும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று எழுதியது. நீதிக்கட்சி வரலாற்றை எழுதுகிறவர்கள் நாயரின் இந்தப் பக்கத்தை ஒரு வரியில் கடந்துபோவது வருத்தமானது.

பெரும்பான்மையின் வாதங்களைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. இன்றைக்கும் அவை அப்படியே சொல்லப்படுகின்றன. இந்தியத் தொழிலாளி இங்கிலாந்துத் தொழிலாளியைப் போல எந்திரத்தோடு ஒட்டி நிற்பதில்லை. நடுநடுவே வெளியே போய்ப் புகைக்கிறான், சாப்பிடுகிறான், ஓய்வெடுக்கிறான். ஆகவே பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் என்பது ஏட்டில்தான் என்பது ஒரு வாதம். அது உண்மையாகவே இருக்கட்டும். அப்படியானால் அது முதலாளிக்கு எதிரான சாட்சி. மனித உடம்பு பதினைந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்யாது. சட்டம் ஓய்வு தராதபோது உடம்பு திருட்டுத்தனமாக ஓய்வை எடுத்துக்கொள்கிறது. நேரத்தைக் குறைத்தால் அந்த இடைவெளிகளும் குறையும் என்பது இதிலிருந்தே விளங்குகிறது. இன்னொரு வாதம் சுதந்திரத்தைப் பற்றியது: வளர்ந்த மனிதன் தன் நேரத்தைத் தன் விருப்பப்படி விற்கட்டுமே, அரசுக்கு அதில் என்ன வேலை? இதற்கு விடை சொன்னவர் சோஷலிஸ்ட் யாருமல்ல. தனிமனித சுதந்திரத்தின் பெரிய வக்கீலான ஜான் ஸ்டூவர்ட் மில். 1848-இல் வந்த பொருளாதார நூலில் அவர் இதை விளக்கினார். பத்து மணி நேரம் உழைப்பவர்கள் எல்லாரும் ஒன்பதுக்குக் குறைத்துக்கொண்டால் எல்லாருக்கும் நன்மை. ஆனால் மற்றவர்கள் குறைத்தபின் ஒருவர் மட்டும் பத்து மணி நேரம் உழைத்தால் அவருக்குத் தனி லாபம். ஆளாளுக்கு அப்படி நினைத்தால் எல்லாரும் பழைய பத்து மணிக்கே, பழைய கூலிக்கே திரும்பிவிடுவார்கள். தொழிலாளிகள் தாங்களே விரும்புவதை அடையக்கூடச் சட்டம் தேவைப்படும் இடம் இது.

சென்னையில் இந்த விஷயம் ஆணைய அறிக்கைகளை விட்டுத் தெருவுக்கு வந்தது 1918-இல். பெரம்பூரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. அக்கம்பக்கத்து வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. அதன் முன்னணியில் நின்றார். சங்கத்தின் முதல் குறைகளில் ஒன்று மதிய இடைவேளை அரை மணிதான் என்பது. இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் ஆலைத் தொழிலாளியின் நாளை அளக்க எந்திரத்தின் முன் நின்ற நேரத்தை மட்டும் எண்ணினால் போதாது. சங்கு ஊதுவதற்கு முன் வாசலில் நிற்க வேண்டும். தாமதமானால் கதவு அடைபடும். வீட்டிலிருந்து வந்துபோகும் தூரம் வேறு. அவனுடைய நாள் அவனுக்குச் சொந்தமா என்பதே கேள்வி. காலையில் உள்ளே நுழைந்ததிலிருந்து மாலையில் வெளியேறுவதுவரை மொத்தம் எவ்வளவு நேரம் என்று கணக்கிடும் முறை இந்தியச் சட்டத்தில் 1934-இல்தான் ஏறியது. அப்போது பதின்மூன்று மணி நேரம் அனுமதித்தார்கள். 1948-இல் அது பத்தரை மணியாகச் சுருங்கியது.

உலகம் எட்டு மணிக்கு வந்தது 1919-இல். வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு, முதல் உடன்படிக்கையாகவே நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதியது. மிகைநேரத்துக்குக் குறைந்தது ஒன்றேகால் பங்கு ஊதியம் என்றும் சேர்த்தது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தனி விதி. பத்தாம் பிரிவில், இந்தியத் தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் வாரம் 60 மணி நேரம் போதும் என்று விட்டுக்கொடுத்தார்கள். ஜப்பானுக்கும் இப்படி ஒரு தளர்வு, 57 மணி நேரம். தட்பவெப்பமும் தொழில் வளர்ச்சிக் குறைவும் காரணம் என்று சமாதானம் சொல்லப்பட்டது. வெப்ப நாட்டில் வேலை நேரம் குறையத்தானே வேண்டும் என்று யாராவது கேட்டார்களா தெரியவில்லை, கேட்டிருக்க வேண்டும். இந்தியா 1921-இல் இந்த உடன்படிக்கையை ஏற்றது. அதன் விளைவாக வந்த 1922-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆண், பெண் எல்லாருக்கும் நாளுக்குப் பதினொன்று, வாரத்துக்கு 60 மணி நேரம் என்ற வரம்பைத் துணி ஆலை தாண்டி எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் வைத்தது.

மிகைநேர ஊதியம் என்ற ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் முதன்முதலாகத் தென்படுவது இந்த 1922-இல்தான். அது எந்த இடத்தில் வருகிறது என்பது முக்கியம். வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் யாரிடமும் வேலை வாங்கக் கூடாது என்பது பொது விதி. பழுதுபார்க்கும் வேலை, நிறுத்த முடியாத உலை வேலை, அவசர நெருக்கடி போன்றவற்றுக்கு அரசு விதிவிலக்கு அளிக்கலாம். அப்படி விலக்குப் பெற்ற வேலையில் 60 மணி நேரத்தைத் தாண்டியவருக்கு ஒன்றேகால் பங்கு ஊதியம். அதாவது மிகைநேர ஊதியம் என்பது விதிவிலக்கின் மேல் வைக்கப்பட்ட விலை. ஒன்றேகால் பங்கைக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வேலை வாங்கலாம் என்று சட்டம் சொல்லவே இல்லை. முதலில் வாசல் அடைபட்டிருந்தது. அரசு திறந்துவிட்டால்தான் நுழைய முடியும். நுழைந்தவர் சுங்கம் கட்ட வேண்டும். இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சுங்கத்தை உயர்த்தியதும் வாசலைக் குறுக்கியதும்தான். விட்லி தலைமையிலான ராயல் கமிஷன் 1931-இல் தந்த பரிந்துரைகளை ஒட்டி 1934-இல் புதுச் சட்டம் வந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆலைகளுக்கு நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54 மணி நேரம் என்றானது. மிகைநேர விகிதம் சில நிலைகளில் ஒன்றரைப் பங்குக்கு ஏறியது. நேரம் குறையக் குறைய விகிதம் ஏறியது என்பதைக் கவனிக்க வேண்டும். தொழிலாளியின் வருமானத்தைப் பெருக்குவது நோக்கமாக இருந்திருந்தால், இரண்டும் இப்படி எதிரெதிர்த் திசையில் போக வேண்டிய அவசியமே இல்லை.

இந்த இடத்தில் அம்பேத்கரைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு மணி நேரமாகவோ பதினான்கு மணி நேரமாகவோ இருந்த வேலையை அவர் ஒரே நாளில் எட்டு மணியாக்கினார் என்று ஒவ்வொரு மே தினத்திலும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஆவணம் சொல்வது வேறு. வைசிராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது. அவர் கொண்டுவந்து 1946-இல் நிறைவேறிய திருத்தம், சட்டத்தில் 54 ஆக இருந்த வார நேரத்தை 48 ஆகவும், பருவகால ஆலைகளில் 60 ஆக இருந்ததை 50 ஆகவும் குறைத்தது. எண்களில் பார்த்தால் புராணத்தைவிடச் சின்ன மாற்றம். ஆனால் அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது: மிகைநேர ஊதியத்தை இரண்டு பங்காக உயர்த்தியது. விதிவிலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் அது தொட்டது. வரம்பு, அபராதம், விலக்கு ஆகிய மூன்றும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன, ஒன்றை மட்டும் இழுத்தால் மற்றது நழுவும் என்று தெரிந்துகொண்டு செய்த வேலை அது. வாட்ஸ்அப் கதை அவருக்குத் தரும் பெருமையைவிட இந்தப் பெருமை பெரிது என்பேன்.

1948-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முடிச்சை இறுக்கிக் கட்டியது. பலரும் 59-ஆம் பிரிவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள வறண்ட பிரிவுகளில்தான் சட்டத்தின் எலும்பு இருக்கிறது. யார் எப்போது வேலை செய்வார்கள் என்று முன்கூட்டியே எழுதி ஆலையில் ஒட்ட வேண்டும் என்கிறது ஒரு பிரிவு. ஒட்டியதற்கு மாறாக ஒருவரும் வேலை செய்யக் கூடாது என்கிறது இன்னொன்று. ஒரே வேலைக்கு இரண்டு ஷிப்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது என்பது மற்றொன்று. இல்லையென்றால் ஆய்வாளர் வந்து நிற்கும்போது யார் எந்த ஷிப்ட் ஆள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. விலக்கு அளிக்கும்போதும் நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 60 மணி, காலாண்டுக்கு மொத்தம் 50 மணி மிகைநேரம் என்று 64-ஆம் பிரிவு கூரை போட்டது. விதிவிலக்கான வேலைப்பளு வந்தால் 65-ஆம் பிரிவின்கீழ் பன்னிரண்டு மணி நேரமும் காலாண்டுக்கு 75 மணியும். எல்லாவற்றுக்கும் மேலாக 60-ஆம் பிரிவு: ஒரே நாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர் இன்னொரு தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது. இது தொழிலாளியையே கட்டுப்படுத்தும் விதி. இரண்டாவது ஆலையில் அவருக்கு முழுக் கூலி கிடைத்தாலும் சட்டம் ஒப்பவில்லை. மிகைநேரம் வெறும் விலைபேசும் விஷயமாக இருந்தால் இந்தப் பிரிவுக்கு அங்கே இடமே இல்லை. சட்டம் காத்தது உடம்பையும் நாளையும். 1947-இல் சென்னை மாகாணம் இயற்றிய கடைகள் நிறுவனங்கள் சட்டமும் இதே அச்சில் வார்த்தது: எட்டு மணி நேரம், 48 மணி நேரம், மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தையும் வாரத்துக்கு 54-ஐயும் தாண்டக் கூடாது, ஊதியம் இரு மடங்கு.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1938-இன் நியாயமான தொழில்தரச் சட்டம் வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரைப் பங்கு என்று விலை மட்டும் வைத்தது. வளர்ந்தவருக்கு உச்ச வரம்பு எதுவும் வைக்கவில்லை. அங்கேகூட அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1942-இல், கூடுதல் ஊதியத்தின் நோக்கம் முதலாளிக்குப் பணச் சுமையை ஏற்றி வேலையைப் பலருக்குப் பகிர வைப்பது என்று விளக்கியது. விலையை மட்டும் நம்பிய நாடே அதை அபராதமாகத்தான் பார்த்தது.

அப்படியிருக்க அபராதம் எப்படிக் கூலியானது? கணக்குப் போட்டால் விளங்கும். எட்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 75 ரூபாய். நாலு மணி நேரம் கூட வேலை செய்தால், சட்டப்படி மணிக்கு 150 வீதம் இன்னும் 600. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 1,200 ரூபாய். முதலாளி அந்த 600 ரூபாய்க்குப் புதிதாக ஓர் ஆளையே எட்டு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆகவே அவர் மிகைநேரத்தைத் தவிர்ப்பார் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. ஆனால் புது ஆளுக்கு வருங்கால வைப்பு நிதி உண்டு, விடுப்பு உண்டு, போனஸ் உண்டு, பின்னாளில் பணிக்கொடை உண்டு, பயிற்சிச் செலவு வேறு. மிகைநேர ஊதியமோ வைப்பு நிதிக் கணக்கில் சேராது. இரட்டைச் சம்பளம் கொடுத்தாலும் சில சமயம் அது மலிவாகிவிடுகிறது. கொடுக்காவிட்டால் கேட்கவே வேண்டாம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் வேலைக்கு 'ஒன்றரை ஷிப்ட்' என்று பெயர். கூலியும் ஒன்றரைப் பங்குதான். மேலே சொன்ன கணக்கில் 900 ரூபாய். 300 ரூபாய் காணாமல் போய்விட்டது. தொழிலாளிக்கும் தான் எதையோ இழந்ததாகத் தோன்றாது, ஏனென்றால் ஒரு ஷிப்ட் கூலியைவிட 300 அதிகம் கையில் இருக்கிறது. ஒரு ஷிப்ட் கூலியில் குடும்பம் நடத்த முடியாத அளவுக்கு அதைத் தாழ்த்தி வைத்துவிட்டால் ஒன்றரை ஷிப்ட்டுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. மேற்பார்வையாளர் என்று பட்டம் சூட்டி மிகைநேரக் கணக்கிலிருந்தே ஒருவரை விலக்கிவிடுவது இன்னொரு பழைய வித்தை.

தொழிலாளியே விரும்பித்தானே ஓ.டி. பார்க்கிறார், அதைத் தடுத்தால் அவர் வயிற்றில் அடிப்பதாகாதா என்ற ஆட்சேபம் இங்கே எழும். விரும்புகிறார் என்பது உண்மை. எட்டு மணி நேரக் கூலி போதாமையின் மேல் கட்டிய விருப்பம் அது. அதற்கு வைத்தியம் எட்டு மணி நேரக் கூலியை உயர்த்துவது. ஓ.டி.யைத் தாராளமாக்கினால் போதாமைதான் நிலைபெறும்: எல்லாரும் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கும் ஊரில் வாடகையும் விலைவாசியும் பன்னிரண்டு மணி நேரக் கூலிக்கு ஏற்ப அமையும். மில் சொன்னது இதைத்தான். இன்னோர் ஆட்சேபம் இதைவிட வலுவானது. நேரத்தைக் கட்டினால் தொழில் வேறு மாநிலத்துக்கு, வேறு நாட்டுக்குப் போய்விடும். 1881-இல் சொன்னார்கள், 1908-இல் சொன்னார்கள். இதைப் பொய் என்று ஒதுக்க மாட்டேன். 1920-களில் ஜப்பானிய ஆலைகள் பெண்களை இரவு ஷிப்ட்டில் வைத்து இரண்டு ஷிப்ட் ஓட்டியபோது, அதைச் செய்ய முடியாத பம்பாய் ஆலைகள் நிஜமாகவே அடிபட்டன. ஆனால் அதற்குத் தீர்வு பம்பாயிலும் பெண்களை இரவில் வைப்பதாக அமையவில்லை. ஜப்பான்தான் 1929-இல் அதை நிறுத்தியது. வரம்பு ஓரிடத்தில் மட்டும் இருந்தால் பலவீனம், பல இடங்களில் இருந்தால் பலம் என்பதால்தான் 1919-இல் உடன்படிக்கையே தேவைப்பட்டது. நாட்டு முன்னேற்றத்துக்காக இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023-இல் சொன்னார். அடிமை இந்தியாவுக்கென்று தாராளமாக விட்டுக்கொடுக்கப்பட்ட 1922-இன் வரம்புகூட 60-தான்.

அபராதம் எவ்வளவு முக்கியம் என்பது 2020-இல் வெளிப்பட்டது. கொரோனா ஊரடங்கின்போது குஜராத் அரசு, பொது நெருக்கடிக்கான 5-ஆம் பிரிவைப் பயன்படுத்தி, தொழிற்சாலைகள் நாளுக்குப் பன்னிரண்டு, வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை வாங்கலாம் என்று அறிவித்தது. கூடுதல் நேரத்துக்கு இரட்டை ஊதியம் கிடையாது, சாதாரண விகிதம் போதும் என்றும் சேர்த்துக்கொண்டது. வரம்பை மட்டும் தளர்த்திவிட்டு 59-ஆம் பிரிவை விட்டுவைத்திருந்தால், விற்பனை படுத்துக் கிடந்த அந்த நேரத்தில் எந்த முதலாளி இரட்டைச் சம்பளம் கொடுத்து மிகைநேரம் வாங்கியிருப்பார்? இரண்டையும் சேர்த்து உடைத்தால்தான் பயன் என்பது அறிவிப்பை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பில், தொற்றுநோயால் வந்த பொருளாதார மந்தம் அந்தப் பிரிவு சொல்லும் பொது நெருக்கடி ஆகாது என்று அறிவிப்புகளை ரத்து செய்தது. இடைப்பட்ட மாதங்களுக்கு மிகைநேர ஊதியத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இப்படியொரு தளர்வு முயற்சி 2023-இல் வந்தது. ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தம், 65-ஏ என்று புதிய பிரிவைச் சேர்த்தது. எந்தத் தொழிற்சாலைக்கும் வார நேரம், வார விடுமுறை, நாள் நேரம், மொத்த நீட்டம், மிகைநேர ஊதியம் ஆகிய பிரிவுகளிலிருந்து அரசு விலக்கு அளிக்கலாம் என்றது அது. வாரம் 48 மணி நேரம் மாறாது, நாலு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். அப்படியானால் 59-ஆம் பிரிவு எதற்கு அந்தப் பட்டியலில் இருந்தது என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் விடை இல்லை. கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் எழுந்தன, மூன்றே நாளில் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

இப்போது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல், பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம், மிகைநேரத்துக்கு இரு மடங்கு, அதற்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்று அது சொல்கிறது. படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் காலாண்டுக்கு எத்தனை மணி மிகைநேரம், உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை மொத்தம் எத்தனை மணி என்பவற்றை அது சட்டத்துக்குள் எழுதவில்லை; அரசுகள் போடும் விதிகளுக்கு விட்டுவிட்டது. மாநிலங்களின் போக்கு எப்படி என்பதற்கு மகாராஷ்டிரம் ஒரு சான்று: அங்கே 2025-இல் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வழிவிட்டு, காலாண்டு மிகைநேரத்தை 115-இலிருந்து 144 மணியாக்க முடிவெடுத்தார்கள். அபராதம் புத்தகத்தில் இரு மடங்காகவே இருக்க, கூரை மட்டும் 50-இலிருந்து இவ்வளவு தூரம் ஏறிவிட்டது. 2023-இல் தமிழ்நாடு அரசு ஒரு மசோதாவோடு பேரவைக்கு வர வேண்டியிருந்தது. அங்கே கேள்வி கேட்கவும் வெளியேறவும் உறுப்பினர்கள் இருந்தார்கள். இனி மிகைநேரக் கூரையை உயர்த்த நினைக்கும் அரசுக்கு மசோதா வேண்டாம். வரைவு விதியை வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பெற்றுக்கொண்டு, அரசிதழில் அச்சிட்டால் போதும்.